உறைபனி இரவில் கைகொடுக்கும் ஈரமண்!

இந்த இதழுக்கு மூன்று கேள்விகள். ஒன்று மலையிலிருந்து, ஒன்று மாட்டுத் தொழுவத்திலிருந்து, ஒன்று கிணற்றடியிலிருந்து. கேட்டவர்கள் வேறு, ஊர்கள் வேறு. மூன்றுக்கும் விடை தண்ணீரின் ஒரே குணத்தில் இருக்கிறது.

“நீலகிரியில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிர் செய்கிறேன். போன தை மாதப் பனியில், காய்ந்த புல்லால் மூடாக்கு போட்ட உருளைப் பாத்தி முழுவதும் கருகிவிட்டது. முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிய பக்கத்துப் பாத்தி ஓரளவு தப்பித்தது. ஈரமான மண்தானே அதிகம் குளிரும்? மூடாக்கு, போர்வை மாதிரி காப்பாற்றாதா? இந்தப் பருவத்தில் என்ன செய்யலாம்?”
– ஒரு வாசகர், ஊட்டி

ஈரம் என்றால் குளிர்ச்சி, மூடாக்கு என்றால் பாதுகாப்பு. இரண்டும் சமவெளியின் கோடைக்குச் சரியான அனுபவம். உறைபனி இரவின் கணக்கு வேறு.

பனி இரவில் பயிருக்கு வெப்பம் எங்கிருந்து வருகிறது? பகலில் சூரியனிடம் வாங்கிய வெப்பத்தை மண் தனக்குள் வைத்துக்கொள்கிறது. இரவில் அதை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். காற்று வீசினால் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று கீழே கலக்கும். மேகமும் காற்றும் இல்லாத தெளிந்த இரவில் இந்த இரண்டு உதவியும் கிடையாது. அன்றைக்குப் பயிருக்கு இருக்கும் ஒரே கையிருப்பு, மண்ணுக்குள் இருக்கும் வெப்பம்தான். எனவே பார்க்க வேண்டியவை இரண்டு. மண்ணில் எவ்வளவு வெப்பம் சேர்ந்திருக்கிறது? அது மேலே ஏறி இலையைத் தொடுகிறதா?

முதலில் கையிருப்பைப் பார்ப்போம். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. நெருப்பில் சிவக்கக் காய்ச்சிய ஆணியை ஒரு குடம் தண்ணீரில் போட்டால் ‘சொய்ங்’ என்று சத்தம் வரும், தண்ணீர் சூடாகாது. ஆணியின் வெப்பநிலை அதிகம். அதில் இருக்கும் வெப்பமோ ஒரு குடம் தண்ணீரைச் சூடாக்கும் அளவுக்கு இல்லை. ஒரு கிலோ பொருளின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த எவ்வளவு வெப்பம் தேவையோ, அதுதான் அந்தப் பொருளின் ‘தன் வெப்ப ஏற்புத்திறன்’. பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்த அதே சொல்தான். அதைப் பொருளின் மொத்த எடையால் பெருக்கினால் வருவது ‘வெப்ப ஏற்புத்திறன்’. 1760-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்த ஜோசப் பிளாக்தான் இந்த வேறுபாட்டைத் தெளிவாக விளக்கியவர்.

ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், கிலோ ஜூல் கணக்கில்:

தண்ணீர் – 4.2
பால் – 3.9
பனிக்கட்டி – 2.1
சமையல் எண்ணெய் – சுமார் 2
அலுமினியம் – 0.9
காய்ந்த மண் – சுமார் 0.8
இரும்பு – 0.45
செம்பு – 0.39

ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடாக வாங்கும் வெப்பத்தில், காய்ந்த மண் ஐந்து கிலோவை ஒரு டிகிரி சூடாக்கிவிடலாம். சூடாகும்போது அதிகம் வாங்கும் பொருள், குளிரும்போதும் அதிகம் திருப்பிக் கொடுக்கும். தண்ணீர் மெதுவாகச் சூடாகிறது, மெதுவாகவே குளிர்கிறது. சென்னையில் மதிய வெயிலில் தரை கொதிக்கும்போது கடல் அவ்வளவாகச் சூடாகாமல் இருப்பதற்கும், அங்கிருந்து கடல்காற்று வீசுவதற்கும் இந்தக் குணம் ஒரு முக்கியக் காரணம்.

இதை உருளைப் பாத்திக்குப் பொருத்தலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில், 10 செ.மீ. ஆழம் வரையுள்ள காய்ந்த மண் சுமார் 130 கிலோ இருக்கும். இது ஒரு டிகிரி குளிரும்போது ஏறக்குறைய 104 கிலோ ஜூல் வெப்பத்தை விடும். அதே இடத்தில் 20 லிட்டர் தண்ணீர் பாய்ச்சினால், தண்ணீர் மட்டும் கூடுதலாக 84 கிலோ ஜூல் கொடுக்கும். மொத்தம் 188. அதாவது, இரண்டு பாத்திகளும் இரவில் ஒரே அளவு வெப்பத்தை இழந்தால், காய்ந்த மண் 2 டிகிரி இறங்கும் நேரத்தில் ஈரமண் சுமார் 1 டிகிரிதான் இறங்கும்.

ஒரு ஏக்கருக்கு இந்த அளவு தண்ணீர் ஏறக்குறைய 80,000 லிட்டர். அது ஒரு டிகிரி குளிரும்போது விடும் வெப்பம், சுமார் 22 கிலோ காய்ந்த விறகு முழுவதும் எரிந்தால் கிடைக்கும் வெப்பத்துக்குச் சமம். விறகை எரித்தால் அந்த வெப்பத்தின் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும். மண்ணில் இருக்கும் தண்ணீர், வேருக்குப் பக்கத்திலேயே இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

இரண்டாவது, அந்த வெப்பம் இலைக்கு வந்து சேர்வது. காய்ந்த மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேல் மண் குளிர்ந்தபின், கீழே இருக்கும் வெப்பம் மேலே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். அந்த இடுக்குகளில் தண்ணீர் நிறைந்தால் வெப்பம் பல மடங்கு சுலபமாகக் கடந்து வரும். பகலில் சூரிய வெப்பம் ஆழமாக இறங்குவதற்கும் அதே ஈரம்தான் உதவுகிறது.

மூடாக்கு போட்ட பாத்தி ஏன் கருகியது என்பது இப்போது புரிந்திருக்கும். காய்ந்த புல்லுக்குள் இருப்பதும் பெரும்பாலும் காற்றுதான். பகலில் அது வெயிலை மண்ணில் இறங்கவிடவில்லை, கையிருப்பே குறைந்துபோனது. இரவில் இருந்த கொஞ்ச வெப்பத்தையும் மேலே வரவிடவில்லை. மண்ணுக்குக் கதகதப்பு, புல்லுக்கு மேலே நின்ற செடிக்கோ கீழிருந்து வெப்பம் வரவில்லை. போர்வை மண்ணுக்குக் கிடைத்தது, செடி வெளியே நின்றது.

அதற்காக மூடாக்கு தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கோடையில் மண் சூடேறாமல் காப்பதும், ஈரத்தைப் பிடித்து வைப்பதும் இதே குணம்தான். பனிக் காலத்தில் மட்டும் அதன் இடத்தை மாற்ற வேண்டும். துணி, வலை, தழை எதுவானாலும் செடிக்கு மேலே வரும்படி மாலையில் மூடினால், மண்ணிலிருந்து ஏறும் வெப்பம் செடியைச் சுற்றித் தங்கும். வெயில் ஏறியதும் எடுத்துவிட்டால் பகலில் மண் மறுபடியும் வெப்பம் வாங்கும்.

பனிப் பருவத்தில் செய்ய வேண்டியவை:

• வானம் தெளிந்து, காற்று அடங்கி, மாலையிலேயே குளிர் இறங்கினால் அன்றிரவு உறைபனிக்கு வாய்ப்பு அதிகம். அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மண் நனைந்திருக்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சியபின் குறைந்தது ஒரு பகல் வெயிலாவது மண்ணில் பட வேண்டும்.

• கடைசி நேரத்தில், மாலையில் அவசரமாகப் பாய்ச்சுவதில் பெரிய பலன் இல்லை. மேல் மண்ணின் ஈரம் ஆவியாகும்போது அதுவே வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,450 கிலோ ஜூல் தேவை. ‘ஈரமண் குளிரும்’ என்ற அனுபவம் இதிலிருந்து வந்ததுதான்.

• ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண்ணில் மேலும் பாய்ச்சத் தேவையில்லை. தண்ணீர் தேங்கினால் உருளையில் அழுகல் வரும். செடி எப்போதும் நனைந்தே இருந்தால் பின்கருகல் நோய்க்கும் இடம் கொடுத்ததாகிவிடும். ஒரு கை மண்ணை எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் வடியக் கூடாது.

• பனி வாரங்களில் மண்ணைக் கொத்திவிடுவதைத் தள்ளிப்போடலாம். புதிதாகக் கொத்திய மண்ணில் காற்று இடுக்கு அதிகம். களை மண்டிக் கிடந்தாலும் வெயில் மண்ணுக்கு இறங்காது. அதைப் பருவத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

• குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் மாதிரி கீழே இறங்கி, பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் பனி கடுமையாக இருப்பது இதனால்தான். சரிவின் கீழ்ப்பக்கத்தில் அடர்ந்த வேலி இருந்தால், குளிர்காற்று வெளியேற இடைவெளி விட வேண்டும்.

ஸ்பிரிங்க்ளர் போடலாமா என்பது அடுத்து வரும் கேள்வி. ஒரு கிலோ தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது 334 கிலோ ஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. தண்ணீர் 80 டிகிரி குளிர்ந்தால் விடும் வெப்பத்துக்கு இது சமம். இலை மீது தண்ணீர் உறைந்துகொண்டே இருக்கும்வரை, இலையின் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. தெளிப்பது நின்ற நிமிடத்திலிருந்து நனைந்த இலையில் ஆவியாதல் தொடங்கும். ஆவியாகும் தண்ணீர், அதே அளவு தண்ணீர் உறையும்போது விடுவதைப் போல 7 மடங்குக்கும் மேலான வெப்பத்தைப் பிடுங்கிவிடும். நனையாத செடியைவிட நனைந்து பாதியில் விடப்பட்ட செடி அதிகம் கருகும். அதனால் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு இறங்கும் முன்பே தொடங்கி, காலை வெயிலில் பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தாமல் ஓட்ட முடிந்தால்தான் இதில் இறங்க வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் விடியும்வரை நிச்சயம் இல்லையென்றால், தொடாமல் இருப்பதே மேல்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஈரமண் கொடுக்கும் பாதுகாப்பு ஒன்றிரண்டு டிகிரி அளவுதான். மைனஸ் 5-க்குப் போகும் இரவில் இது மட்டும் போதாது. ஆனால் உருளை இலை கருகத் தொடங்குவது மைனஸ் 1, மைனஸ் 2 டிகிரி வாக்கில். பயிர் பிழைப்பதும் போவதும் பல இரவுகளில் அந்த ஒன்றிரண்டு டிகிரியில்தான் முடிவாகிறது.

“மாலை 5 மணிக்கு 20 லிட்டர் பால் கறக்கிறோம். எங்கள் ஊரில் காலையில் மட்டும்தான் பால் எடுக்கிறார்கள். கோடையில் மாலைப் பால் அடிக்கடி புளித்துத் திரும்பி வருகிறது. கேனை மின்விசிறி முன் வைத்துப் பார்த்தோம், ஒரு வாளித் தண்ணீரில் வைத்தும் பார்த்தோம். பலன் இல்லை. செலவில்லாத வழி உண்டா?”
– ஒரு வாசகி, செய்யாறு

கறந்த பால் ஏறக்குறைய 37 டிகிரி சூட்டில் இருக்கும். பாலைப் புளிக்க வைக்கும் கிருமிகளுக்கு இது மிகவும் பிடித்த சூடு. அதனால் கறந்தபின் முதல் இரண்டு மணி நேரத்தில் சூட்டை இறக்குவதுதான் முக்கியம். பாலும் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், வெப்பத்தை அவ்வளவு சுலபமாக விடாது. 20 லிட்டர் பால் ஒரு டிகிரி இறங்க, அதிலிருந்து சுமார் 81 கிலோ ஜூல் வெப்பம் வெளியேற வேண்டும்.

மின்விசிறி ஏன் பலிக்கவில்லை? ஒரு கன மீட்டர் காற்று ஒரு டிகிரி சூடாக வாங்கிக்கொள்வது வெறும் 1.2 கிலோ ஜூல். ஒரு லிட்டர் தண்ணீர் 4.2 வாங்கும். மூன்றரை கன மீட்டர் காற்று செய்யும் வேலையை ஒரு லிட்டர் தண்ணீர் செய்துவிடும். அதிலும் கோடை மாலையில் வீசுவது 35 டிகிரிக் காற்று. 37 டிகிரிப் பாலை அது எங்கே குளிர வைக்கப்போகிறது?

வாளித் தண்ணீர் பலிக்காததற்குக் காரணம் அதன் அளவு. 27 டிகிரி கிணற்றுத் தண்ணீர் 20 லிட்டரில் கேனை வைத்தால், பாலும் தண்ணீரும் சுமார் 32 டிகிரியில் சமமாகி நின்றுவிடும். அதே தண்ணீர் 100 லிட்டர் இருந்தால் 29-க்குக் கீழே வரும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சிமென்ட் தொட்டி மாதிரி ஒன்று, நிழலில் இருந்தால் போதும். கேனுக்குள் பால் எந்த மட்டத்தில் இருக்கிறதோ, வெளியே தண்ணீரும் அந்த மட்டம் வரை நிற்க வேண்டும். சுத்தமான கரண்டியால் பாலை இடையிடையே கலக்கிவிட வேண்டும். அரை மணி கழித்துத் தண்ணீரை ஒருமுறை மாற்றினால் இன்னும் நல்லது. கேன் அலுமினியமா, எவர்சில்வரா என்று யோசிக்க வேண்டியதில்லை. பாலோடு ஒப்பிட்டால் அதில் தங்கும் வெப்பம் மிகக் குறைவு.

ஐஸ் வாங்கும் வசதி இருந்தால், அதைப் பெரிய தொட்டியில் கொட்டக் கூடாது. 100 லிட்டர் தண்ணீரையும் சேர்த்துக் குளிர வைப்பதிலேயே ஐஸ் தீர்ந்துபோகும். முதலில் பெரிய தொட்டியில் 29 வரை இறக்கி, பிறகு கேனை 15 லிட்டர் தண்ணீர் மட்டும் பிடிக்கும் ஒடுக்கமான பாத்திரத்துக்கு மாற்றி அதில் ஐஸ் போட வேண்டும். இப்படிச் செய்தால் சுமார் 5 கிலோ ஐஸிலேயே பால் 15 டிகிரிக்கு வந்துவிடும். தொட்டியில் போட்டால் இதே வேலைக்கு 15 கிலோவுக்கு மேல் ஆகும். வெளியிலிருந்து சூடு ஏறாமல் இருக்க, பாத்திரத்தைச் சுற்றி ஈரச் சாக்கு போட்டு வைக்கலாம். ஐஸைப் பாலுக்குள் போடவே கூடாது. அது கலப்படம்.

பாலை நெடுநேரம் பாதுகாக்க 4 டிகிரி வேண்டும். அது பால் குளிர்விப்பு மையத்தால்தான் முடியும். தொட்டி, மாலைப் பாலை விடியும்வரை கொண்டுபோகும் தற்காலிக வழி. ஊரில் பத்துப் பேருக்கு இதே சிக்கல் இருந்தால், மாலையிலும் பால் எடுக்கும்படி சேர்ந்து கேட்பதுதான் நிலையான தீர்வு.

“எங்கள் கிணற்றுத் தண்ணீர் மார்கழிக் காலையில் வெதுவெதுப்பாகவும், சித்திரை மதியத்தில் ஜில்லென்றும் இருக்கிறது. ஆனால் அதே தண்ணீர் சொட்டுநீர்க் குழாயில் மதியம் கொதிக்கிறது. இது நாற்றுகளைப் பாதிக்குமா?”
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

கிணற்றுத் தண்ணீர் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது வெளியே உள்ள காற்றுதான். மண்ணும் பாறையும் எடையில் மிகப் பெரியவை. அவ்வளவையும் சூடாக்கவோ குளிர வைக்கவோ ஒரு பகலும் போதாது, ஒரு பருவமும் போதாது. பகல்-இரவு வித்தியாசம் அரை மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். கோடை-குளிர் வித்தியாசம் சுமார் 10 மீட்டர் ஆழத்தில் மறைந்துவிடும். அதற்குக் கீழே உள்ள தண்ணீர், அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். வெளியே 18 டிகிரி இருக்கும் காலையில் அது வெதுவெதுப்பு. 40 டிகிரி மதியத்தில் அது குளிர்ச்சி.

சொட்டுநீர்க் குழாயில் நடப்பது இதற்கு நேர் எதிர். 16 மி.மீ. பக்கக் குழாய் 100 மீட்டரில் சுமார் 15 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். அவ்வளவு குறைந்த தண்ணீர், கருப்புக் குழாய், முழு வெயில். சூடேற எவ்வளவு நேரம் ஆகும்? மதியம் மோட்டார் போட்டவுடன் முதலில் வருவது இந்தத் தண்ணீர்தான். வளர்ந்த செடிக்குப் பெரிய பாதிப்பு இருக்காது. நட்டு ஒரு வாரம்கூட ஆகாத நாற்றின் இளம் வேருக்கு இது ஆகாது. காலை 8 மணிக்குள் பாசனத்தை முடிப்பதே எளிய வழி. மதியம் விட்டே ஆக வேண்டுமென்றால், குழாயின் கடைசி முனையைத் திறந்து, கைக்குக் குளிர்ந்த தண்ணீர் வரும்வரை வெளியேற்றிவிட்டு மூட வேண்டும். பக்கக் குழாயைச் செடியின் நிழலிலோ மூடாக்கின் அடியிலோ போட்டாலும் சூடு குறையும். இங்கே மூடாக்குதான் நண்பன்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

ஒரு தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்ப்பது வேண்டாம், ஆய்வகத்தில் பயன்படுத்துவது வேண்டும். 25 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரில், 60 டிகிரிக்குச் சூடாக்கிய ஒரு கிலோ தண்ணீரைக் கலந்தால் வெப்பநிலை 42 டிகிரியை ஒட்டி நிற்கும். இன்னொரு பாத்திரத்தில் அதே 25 டிகிரித் தண்ணீர் ஒரு கிலோ எடுத்து, 60 டிகிரிக்கு வறுத்த காய்ந்த மண் ஒரு கிலோவைப் போட்டுக் கலக்கினால் 31 டிகிரியைத் தாண்டுவது கடினம். சூடும் ஒன்று, எடையும் ஒன்று. கொண்டுவந்த வெப்பம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பார்க்கலாம்.